ரஷ்யப் படம் போடும்போது உரை எதற்கு? சப்டைட்டில் போதாதா?

பல்கலைக்கழகத் திரையிடலில் படத்துக்கு முன் கால் மணி நேரம் யாராவது பேசுவது வீண் என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தைப் பொறுத்தது. 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' (1925) மாதிரி மௌனப் படத்துக்குப் பெரிதாகத் தேவையில்லை. ஒடெஸா நகரப் படிக்கட்டில் படைவீரர்கள் மக்களைச் சுடும் காட்சியே எல்லாம் சொல்லிவிடும்.

இயக்குநர் எல்தார் ரியாஸானவின் 'விதியின் முரண்' வேறு கதை. டிசம்பர் 31 அன்று நண்பர்களோடு நீராவிக் குளியலுக்குப் போய்க் குடித்துவிட்டு, நாயகன் தவறுதலாக மாஸ்கோவிலிருந்து லெனின்கிராடுக்கு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) விமானம் ஏறிவிடுகிறான். டாக்சியில் தன் வீட்டு முகவரியைச் சொல்கிறான். அங்கேயும் அதே தெரு, அதே எண், அதே மாதிரி அடுக்குமாடி. சாவியும் திறந்துவிடுகிறது!

சப்டைட்டில் வசனத்தைத்தான் சொல்லும். சோவியத் நகரங்களில் ஒரே அச்சில் வார்த்த குடியிருப்புகள் எழும்பிய கதையை யார் சொல்வது? அப்புறம், அங்கே கிறிஸ்துமஸ் ஒதுக்கப்பட்டு, 1935-க்குப் பிறகு அலங்கார மரம் புத்தாண்டுக்கு மாறியது. அதனால்தான் அந்த இரவு குடும்பத்தோடு கூடும் இரவு. 1976 ஜனவரி 1-ல் முதலில் ஒளிபரப்பான இந்தப் படம் இன்றும் புத்தாண்டு சமயத்தில் ஓடுகிறது.

உரையில் முடிவை மட்டும் உடைக்காமல் இருந்தால் சரி. இயக்குநரின் வாழ்க்கை வரலாறு வாசிப்பவர்களைத்தான் எனக்கும் பொறுக்காது. படம் மூன்று மணி நேரம். இடைவேளையில் தேநீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.