மைனஸ் வந்தால் ஏன் தலைகீழாகிறது?

கே: மகள் உயர்நிலை ஒன்று படிக்கிறாள். -3/4, -5/6, -0.8 இவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதச் சொன்னதற்கு -3/4, -0.8, -5/6 என்று எழுதித் தப்பாகிவிட்டது. "3/4ஐ விட 5/6 பெரியதுதானேம்மா, அப்புறம் எப்படித் தப்பு?" என்கிறாள். "மைனஸ் வந்தால் தலைகீழ்" என்று சமாளித்துப் பார்த்தேன், விடுவதாக இல்லை.
- ஒரு தாயார், ஈசூன்

ப: விடாமல் கேட்பது நல்லதுதான். தொடக்கப்பள்ளி முடியும்வரை அவள் பார்த்த எண்ணெல்லாம் பூஜ்ஜியத்துக்கு வலப்பக்கம், அங்கே தூரத்தில் இருப்பதுதான் பெரியது. ஆறு வருடப் பழக்கம், ஒரே வாரத்தில் போகாது.

நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் நிலையங்களை வைத்துச் சொல்லிப் பாருங்கள். பென்கூலன் நிலையம் தரைக்கு 43 மீட்டர் கீழே இருக்கிறது, 2017இல் திறந்தபோது நாட்டிலேயே ஆழமான நிலையம் என்ற பெயரை 42 மீட்டர் ஆழத்தில் இருக்கும் புரோமனாடிடமிருந்து பறித்துக்கொண்டது. தரையை 0 என்று வைத்தால் ஒன்று -43, இன்னொன்று -42. எது மேலே? புரோமனாட். மேலே இருப்பதுதான் பெரிய எண், ஆக -42 பெரியது. எது அதிக ஆழம்? பென்கூலன். நகரும் படிக்கட்டு ஒன்று மாற்றி ஒன்றாக ஏறி, இன்னும் வெளியே வரவில்லையே என்று சலித்துக்கொள்கிறோமே, அந்தத் தூரத்துக்குப் பெயர்தான் மட்டு மதிப்பு: 0இலிருந்து எவ்வளவு தள்ளி என்பது மட்டும், எந்தப் பக்கம் என்ற பேச்சே இல்லை. |-43| = 43. (இந்த இரண்டு நெட்டுக்கோடு 1841இல் ஜெர்மன் கணிதர் வயர்ஸ்ட்ராஸ் கொண்டுவந்தது.)

உங்கள் மகள் வரிசைப்படுத்தியது ஆழத்தை. அதைக் கேட்டிருந்தால் முழு மதிப்பெண், பாவம்.

சரி, கணக்குக்கு வருவோம். மூன்றுக்கும் பகுதியை 60 ஆக்கினால் -45/60, -50/60, -48/60. எண்கோட்டில் இடமிருந்து வலமாக -5/6, -0.8, -3/4. உங்கள் "தலைகீழ்" இங்கே பலிக்கிறது, ஏனென்றால் மூன்றுமே மைனஸ். கூடவே ஒரு 9/10 இருந்தால், மட்டு மதிப்பில் அதுதான் பெரியது என்பதால் தலைகீழாக்கும்போது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடும், வெறும் தப்பு. மைனஸ்களைத் தனியாகப் பிரித்து, அவற்றை மட்டும் திருப்பச் சொல்லுங்கள்.

இன்னொரு பொறி, குறுக்குப் பெருக்கல்: ஒன்றின் மேல் எண்ணை மற்றதன் கீழ் எண்ணால் பெருக்கி ஒப்பிடுவது. 3/(-4), -5/6 இரண்டையும் அப்படியே பெருக்கினால் 18, 20 வரும், -5/6 பெரியது என்று ஏமாந்துவிடுவோம். மைனஸை முதலில் மேலே ஏற்றி -3/4 ஆக்கிவிட்டுப் பெருக்கினால் -18, -20, இப்போது சரி.

கே: எண்கோட்டில் -0.8க்கு அடுத்த எண் எது?
- மாணவர், செங்காங்

ப: அப்படி ஒன்று கிடையாது. -0.75 என்பீர்களா, நடுவில் -0.775 நிற்கிறது. அதுவா என்றால், -0.8க்கும் அதற்கும் நடுவே -0.7875. எவ்வளவு கிட்டே போனாலும் இதே கதைதான்.