மருமகனுக்கு ஏழு வருட ஃபுட்டி ஒப்பந்தம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: மெல்போர்னில் வசிக்கிறோம். என் மகளின் கணவர் ஏஎஃப்எல் (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) கிளப் ஒன்றில் ஆடுகிறார். வயது 24. பதினெட்டு வயதில் டிராஃப்ட்டில் (கிளப்புகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) எடுத்தார்கள், இது ஆறாவது சீசன். ஒரு முறை முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. இந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. கிளப் இன்னும் ஏழு வருடத்துக்குப் போடலாம் என்கிறது. அவருடைய மேனேஜர் உடனே சம்மதிக்கச் சொல்கிறார். மருமகனின் அப்பாவோ, மூன்று வருடம் போட்டுவிட்டு அப்புறம் பெரிய தொகை கேட்கலாம் என்கிறார். இரண்டு வருடத்துக்கு மேல் வேலை ஒப்பந்தம் போட்டால் ஆஸ்திரேலியாவில் செல்லாது என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். காயம் பட்டால் பணம் நிற்குமா? நடுவில் வேறு ஊர் கிளப்புக்குத் தள்ளிவிடுவார்களா? மகளுக்கு இங்கே நல்ல வேலை. இதை நம்பி வீட்டுக் கடனுக்கு என்னை ஜாமீன் கையெழுத்தும் கேட்கிறார்கள்.

பதில்: அம்மா, முதலில் உங்கள் உறவினரின் பயத்தை முடித்துவிடுவோம். அவர் சொல்லும் சட்டம் உண்மையில் இருக்கிறது. 2023 டிசம்பர் 6 முதல், ஃபேர் வொர்க் என்ற வேலைச் சட்டப்படி, குறித்த காலத்துக்கான வேலை ஒப்பந்தம் இரண்டு வருடத்தைத் தாண்டக்கூடாது. ஆனால் முதல் வருடத்தின் உறுதியான சம்பளம் உயர் வருமான வரம்பைத் தாண்டினால் இந்தத் தடை பொருந்தாது. 2025-26க்கு அந்த வரம்பு 1,83,100 டாலர். ஏழு வருடத்துக்குப் பேசப்படும் ஆட்டக்காரரின் சம்பளம் அதற்கு வெகு மேலே இருக்கும். தடை பொருந்தும் இடத்தில்கூட ஒப்பந்தம் முழுதாகச் செல்லாமல் போவதில்லை. முடிவுத் தேதி மட்டும்தான் பலன் இழக்கும். ஆக, அந்தக் கவலை வேண்டாம்.

சரி, ஏழா மூன்றா? சம்பந்தி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை மேனேஜர் உங்களிடம் விளக்கியிருக்க வேண்டும். எட்டு வருடம் ஒரே கிளப்பில் இருந்தவருக்கு ஒப்பந்தம் முடியும்போது ஃப்ரீ ஏஜென்ட் உரிமை, அதாவது தானே வேறு கிளப்பைத் தேடிப் போகும் உரிமை வருகிறது. கிளப்பில் அதிகச் சம்பளம் வாங்கும் கால்வாசிப் பேருக்குள் அவர் இருந்தால், வெளியிலிருந்து வரும் தொகைக்கு ஈடுகொடுத்துப் பழைய கிளப் அவரைத் தக்கவைக்கலாம். பத்து வருடம் ஆனால் அந்தத் தடையும் இல்லை. மூன்று வருடம் போட்டால் 27 வயதில், உச்சத்தில் இருக்கும்போது, மருமகன் சந்தைக்கு வருவார். ஏழு போட்டால் 31இல்.

அந்த வயதின் மதிப்பு என்ன என்பதற்கு லான்ஸ் ஃபிராங்க்ளினைப் பாருங்கள். 2013இல் 26 வயதில் ஹாத்தோர்னை விட்டு சிட்னி ஸ்வான்ஸுக்குப் போனார்: ஒன்பது வருடம், ஏறத்தாழ 1 கோடி டாலர். ஹாத்தோர்ன் ஈடுகொடுக்கவில்லை. கிளப்புக்கு அது லாபமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். 2014, 2016, 2022 மூன்று இறுதிப் போட்டிகளிலும் சிட்னி தோற்றது. 2020 முழுக்கக் காயத்தால் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இன்னொரு பக்கம், 2022 மார்ச்சில் அவர் ஆயிரமாவது கோல் அடித்த இரவு சிட்னி கிரிக்கெட் மைதானத்துக்குள் ரசிகர்கள் ஓடிவந்தார்கள். ரிச்மண்டின் டஸ்டின் மார்ட்டின் கணக்கு இன்னும் தெளிவு. 2017இல் ஏழு வருடம் போட்டார். அந்தக் காலத்துக்குள் 2019, 2020 இரண்டு கோப்பைகள், இரண்டு இறுதியிலும் சிறந்த வீரர் அவர்தான். கடைசி வருடங்கள் மெலிந்தன, 2024இல் அணி கடைசி இடத்தில் முடிந்தது. ஆனாலும் ரிச்மண்ட் ரசிகர் ஒருவரும் அந்தப் பணத்தைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் நீங்கள் கிளப் தரப்பில் இல்லை. உங்கள் கேள்வி, மருமகனுக்குப் பலிக்குமா என்பது. அவருக்கு ஏற்கெனவே முழங்காலில் ஒரு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. நீண்ட ஒப்பந்தம் என்றால் உடம்பின் ரிஸ்க்கைக் கிளப்பின் தலையில் வைப்பது. மெல்போர்ன் அணியின் ஆங்கஸ் பிரேஷா 2022இல் ஆறு வருடம் போட்டார். 2023 செப்டம்பரில் ஒரு மோதலில் தலையில் அடிபட்டது. 2024 பிப்ரவரியில், 28 வயதில், மருத்துவ ஆலோசனையின் பேரில் ஆட்டத்தையே விட்டார். அடுத்த வருடமே புதுச் சந்தைக்குப் போகலாம் என்று யாரும் நம்பிக்கொண்டு இருக்க முடியாத ஆட்டம் இது.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். விக்டோரியாவில் வேலையிடத்தில் அடிபட்டால் வொர்க்கவர் என்ற இழப்பீட்டுக் காப்பீடு இருக்கிறது என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். ஆட்டத்திலோ பயிற்சியிலோ அதற்கான பயணத்திலோ காயப்படும் சம்பள விளையாட்டு வீரரை அந்தச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. கிடங்கில் முதுகு பிடித்தவருக்குக் கிடைப்பது ஏஎஃப்எல் நட்சத்திரத்துக்குக் கிடையாது. அவருக்கு இருப்பது ஒப்பந்தமும், வீரர்கள் சங்கம் ஏஎஃப்எல்லோடு போட்ட கூட்டு உடன்பாடும்தான். ஆகவே ஏழு என்ற எண்ணைப் பார்க்காதீர்கள், உள்ளே எழுதியிருப்பதைப் பாருங்கள். எத்தனை வருடம் நிச்சயம்? சில ஒப்பந்தங்களில் கடைசி வருடங்கள், இத்தனை ஆட்டம் ஆடினால்தான் உயிர்பெறும். தொகையில் எவ்வளவு அடிப்படைச் சம்பளம், எவ்வளவு ஆடிய ஆட்டத்துக்கு, எவ்வளவு ஊக்கத்தொகை? காயத்தில் உட்கார்ந்திருக்கும் வருடத்தில் எது வரும்? மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெற்றால் மீதி என்ன ஆகும்? இதற்கு எழுத்தில் பதில் வர வேண்டும்.

தானாக விலகுவது வேறு கதை. டாம் பாய்ட் 19 வயதில், 2014இல், வெஸ்டர்ன் புல்டாக்ஸுடன் ஏழு வருடம் போட்டார், சுமார் 70 லட்சம் டாலர் என்று பேசப்பட்டது. 2016 இறுதிப் போட்டியில் மூன்று கோல் அடித்து, கோப்பைக்கான அந்த கிளப்பின் 62 வருடக் காத்திருப்பை முடித்தார். பிறகு மன அழுத்தத்தோடும் தூக்கமின்மையோடும் போராடி, 2019 மே மாதம் 23 வயதில் ஓய்வு அறிவித்தார். மீதி ஒப்பந்தப் பணத்தை விட்டுவிட்டுப் போனார். மனநலக் காரணமும் மருத்துவக் காரணம்தான் என்று உங்கள் மருமகனின் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இதைக் கேட்க அவர் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

அடுத்து, ஊர் மாற்றம். வீரரின் சம்மதம் இல்லாமல் அவரை டிரேட் செய்ய, அதாவது வேறு கிளப்புக்கு மாற்ற முடியாது. இது பெரிய பாதுகாப்பு. ஆனால் சம்மதம் எந்தச் சூழலில் வருகிறது என்று பாருங்கள். ஆடம் டிரெலோர் காலிங்வுட்டுடன் 2025 வரை ஒப்பந்தத்தில் இருந்தார். போக விருப்பமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். 2020 கடைசியில் புல்டாக்ஸுக்குப் போக வேண்டியதாயிற்று. காலிங்வுட்டின் புரோடி கிரண்டி ஏழு வருடம் போட்டது 2027 வரை. 2022இல் மெல்போர்ன் அணிக்கு, அடுத்த வருடமே சிட்னிக்கு. இருவர் சம்பளத்திலும் ஒரு பங்கைக் காலிங்வுட் தொடர்ந்து கட்டியது. 2025இல் மெல்போர்ன் அணியின் கிறிஸ்டியன் பெட்ராக்கா 2029 வரையும், கிளேட்டன் ஆலிவர் 2030 வரையும் ஒப்பந்தம் இருந்தும் ஊர் மாறினார்கள். ஒருவர் கோல்ட் கோஸ்ட், ஒருவர் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி. நீண்ட ஒப்பந்தம் பணத்தைக் காக்கிறது, வீட்டு முகவரியைக் காப்பதில்லை. மகளிடம் இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. டிரேட் பேச்சு வரும் நாளில், சம்பளத்தில் குறையும் டாலரை எந்த கிளப் கட்டும் என்பது எழுத்தில் வராமல் விடுவிப்புப் பத்திரத்தில் கை வைக்கக் கூடாது.

‘மெல்போர்னை விட்டு அனுப்ப மாட்டோம் என்று தனியாக ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளலாமே’ என்று யாராவது சொன்னால், தயவுசெய்து வேண்டாம். ஏஎஃப்எல் ஒப்பந்தத்தில் வீரர், கிளப் மட்டுமல்ல, ஏஎஃப்எல்லும் ஒரு தரப்பு; எல்லாம் அங்கே பதிவாக வேண்டும். கர்ட் டிப்பெட்டுக்கு அடிலெய்ட் கிளப் 2009இல் ஒரு ரகசிய உறுதி கொடுத்தது, ஒப்பந்தம் முடிந்ததும் அவர் விரும்பும் கிளப்புக்கு அனுப்புவதாக. 2012இல் அது வெளியே வந்தது. கிளப்புக்கு 3 லட்சம் டாலர் அபராதம், டிராஃப்ட் வாய்ப்புகளும் போயின. அதோடு நிற்கவில்லை, டிப்பெட்டுக்கே 50,000 டாலர் அபராதம், 2013இல் 11 ஆட்டங்கள் தடை. உறுதிமொழி எதுவானாலும் பதிவான ஒப்பந்தத்துக்குள் வரட்டும், வராவிட்டால் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வருடத்தில் சம்பளம் தேங்கிப்போகும் ஆபத்தும் உண்டு. கிளப்புகளின் மொத்தச் சம்பள உச்சவரம்பு ஏறிக்கொண்டே போகிறது. 2023 செப்டம்பரில் முடிவான கூட்டு உடன்பாடு 2027 வரைதான். அதன் பிறகு வரம்பு ஏறினால் அவர் தொகையும் அதே விகிதத்தில் ஏறும் என்ற ஷரத்து கட்டாயம் வேண்டும். சம்பந்தியின் மூன்று வருட வாதத்துக்குச் சரியான பதில் அந்த ஷரத்துதான். கூட்டு உடன்பாடு எதிர்த் திசையிலும் இழுக்கலாம்: 2020 மார்ச்சில் கொரோனாவால் ஆட்டம் நின்றபோது, யார் எத்தனை வருடம் போட்டிருந்தாலும், சம்பளத்தில் பாதி குறைக்கச் சங்கம் சம்மதித்தது.

என் முடிவு: ஏழு வருடமும் நிச்சயம், தொகையில் பெரும்பகுதி அடிப்படைச் சம்பளம், வரம்போடு ஏறும் ஷரத்து, மருத்துவ ஓய்வுக்கு எழுத்தில் பதில், இவை இருந்தால் கையெழுத்துப் போடலாம். கடைசி இரண்டு வருடம் ஆட்டக் கணக்கில் தொங்குகிறது என்றால் அது ஐந்து வருட ஒப்பந்தம்தான். அப்படியானால் ஐந்தே போட்டு 29 வயதில் தடையில்லாத ஃப்ரீ ஏஜென்டாக வெளியே வருவது மேல். முழங்கால் நன்றாக இருந்திருந்தால் மூன்று என்று சொல்லியிருப்பேன்.

வரியைப் பற்றி ஒரு வரி: விளையாட்டு வீரர்களுக்கு வருமானத்தைச் சராசரியாக்கிக் கணக்கிடும் சலுகை இருக்கிறது. சம்பளம் திடீரென ஏறும் முதல் வருடங்களில் அது நன்றாகவே உதவும். கணக்காளரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதீர்கள், அம்மா. கடன் முப்பது வருடம், சம்பளம் ஏழு வருடம். மறுக்க முடியாத நிலை வந்தால், உங்கள் பொறுப்பு ஒரு குறிப்பிட்ட தொகையோடு நிற்கும் ஜாமீனாக இருக்க வேண்டும். வங்கியின் வக்கீலும் வேண்டாம், மருமகனின் வக்கீலும் வேண்டாம், உங்களுக்கென்று தனியாக ஒருவர் அதைப் படித்த பிறகே பேனாவைத் தொடுங்கள். ஒப்பந்த நகலை மேனேஜரிடமிருந்து இந்த வாரமே வாங்கச் சொல்லி, வீரர்கள் சங்கத்திடமும் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள்.