லிஸ்1 மரபணு பழுதானால் மூளை ஏன் மடிப்பில்லாமல் போகிறது?

மூளையை வளர்க்கும் மரபணுவுக்கும் செல் பிரிவதற்கும் என்ன தொடர்பு என்பது கேள்வி.

லிஸ்1 என்பது 17ஆம் குரோமோசோமில் உள்ள மரபணு. 1993இல் அடையாளம் காணப்பட்டது. அது உருவாக்கும் புரதம், டைனீன் என்ற இயக்குப் புரதத்துக்குத் துணை நிற்கிறது. செல்லுக்குள் தண்டவாளம் போல ஓடும் நுண்குழல்களைப் பற்றிக்கொண்டு சுமை இழுப்பதுதான் டைனீனின் வேலை.

தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பதைக் கவனியுங்கள். இரண்டு கயிற்றையும் இரு அணியினர் ஒரே சீராக இழுத்தால்தான் வலை நேராகக் கரையேறும். ஒரு பக்கம் கை தளர்ந்தால் வலையின் மடி கோணிக்கொள்ளும். செல் பிரியும்போதும், குரோமோசோம்களை இரண்டாகப் பிரிக்கும் நுண்குழல் அமைப்பான கதிர்க்கோலை டைனீன் இருபுறமும் விளிம்பிலிருந்து இழுத்து நிறுத்துகிறது. லிஸ்1 குறைந்தால் அந்தப் பிடி தளர்ந்து கதிர்க்கோல் சாய்கிறது. பிரியும் திசை மாறிவிடுவதால், பெருகி நரம்புச் செல்களைத் தர வேண்டிய மூலச் செல்கள் முன்னதாகவே தீர்ந்துபோகின்றன. பிறந்த நரம்புச் செல்லும் மூளையின் மேற்பரப்புக்கு நகரத் திணறுகிறது, ஏனெனில் அதன் உட்கருவை முன்னே இழுப்பதும் டைனீன்தான். மடிப்புகள் உருவாகாத இந்த நிலைக்கு லிஸன்செபலி என்று பெயர். இதனுடன் வலிப்பும் வளர்ச்சித் தாமதமும் வருகின்றன.

சொந்தத்தில் திருமணம் செய்ததால்தான் இது வந்தது என்று தாயைக் குறை சொல்வது தவறு: லிஸ்1 பழுது பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது.