அப்பாவை முதலில் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்

தங்கச்சி, லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிற கிரேவ்செண்டில் வீடு பார்த்திருக்கிறோம், அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். ஜூனில் அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள் என்றும், அப்பா கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்றும் எழுதியிருந்தீர்கள்.

நான் இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருடம். அப்படிச் சொல்பவர்கள் கடைத்தெருவைப் பார்த்துவிட்டு ரயில் ஏறியவர்கள். இன்னும் ஐந்து நிமிடம் நடந்திருந்தால் ஆறு வந்திருக்கும். துறைமுகத்திலேயே காலம் கழித்த ஒருவருக்குக் காட்ட இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது.

வரும் நாளில் வற்று, பெருக்கு நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேம்ஸ் இங்கே கடலேறி இறங்கும் கழிமுகம். பெரிய பெருக்கு நாட்களில் தண்ணீர் 5 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றில் போனால் டவுன் பியர் என்ற பழைய இறங்குதுறையின் இரும்புத் தூண்கள் அடிவரை தெரியும். 1834இல் கட்டியது, வார்ப்பிரும்பில் கட்டிய பியர்களில் உலகத்தில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவற்றுள் இதுதான் மிகப் பழையது.

பாய்க்கப்பல் காலத்தில் லண்டனுக்குள் போகிற கப்பல் பெருக்குக்காகவும், வெளியே போகிற கப்பல் காற்றுக்காகவும் இந்த ஊருக்கு முன்னால்தான் காத்து நின்றன. கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்களும் அதில் அடக்கம். லண்டன் துறைமுக அதிகார சபையின் தலைமையகம் இப்போதும் இங்கேதான். அதன் பக்கத்தில் ரோயல் டெரஸ் பியர். அங்கே ஒரு மணித்தியாலம் ஆறுதலாக நில்லுங்கள். பெரிய கப்பல் ஒன்று மெதுவாக வரும். அது நிற்காது. சின்னப் பைலட் படகு விரைந்துபோய் அதன் விலாவோடு ஒட்டிக்கொள்ளும், மேலேயிருந்து கயிற்றேணி தொங்கும், ஆற்றில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் எட்டிப் பிடித்து ஏறுவார். எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் அந்த ஒரு நொடி மூச்சு நின்றுதான் வருகிறது. அப்பாவுக்கு நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை, அவர்தான் உங்களுக்கு விளக்குவார்.

அடுத்தது சென் ஜோர்ஜ் தேவாலயம். வாசலில் கைகளை விரித்தபடி ஒரு பெண்ணின் சிலை நிற்கும். போகஹொண்டஸ். அவளைப் படக்கதையில் மட்டும் தெரிந்தவர்கள் இங்கே கொஞ்சம் நேரம் எடுக்க வேண்டும். இன்றைய அமெரிக்காவிலுள்ள வேர்ஜினியாவின் பூர்வகுடித் தலைவர் ஒருவரின் மகள். ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, ஞானஸ்நானம் பெற்று, ரெபெக்கா ஆகி, 1614இல் ஜோன் ரோல்ஃப் என்பவரை மணந்தாள். 1616இல் அவளை லண்டனுக்குக் கொண்டுவந்து பெரிய இடங்களில் எல்லாம் காட்டினார்கள். அடுத்த வருடம் மார்ச்சில் ஊர் திரும்பக் கப்பல் ஏறினாள். கப்பல் கிரேவ்செண்டைத் தாண்டுவதற்குள் நோய் முற்றி, இங்கே கரையிறக்கினார்கள். இங்கேயே இறந்தாள். வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருக்கும். அடக்கம் 1617 மார்ச் 21. கோயில் பதிவேட்டில் கணவரின் பெயரைக்கூடப் பிழையாக, ‘தோமஸ் ரோத்’ என்று எழுதியிருக்கிறார்கள். 1727 தீயில் பழைய கோயில் எரிந்துபோனதால் கல்லறை எந்த இடத்தில் என்றும் இன்று யாருக்கும் தெரியாது. 1958இல் வேர்ஜினியாக்காரர் கொடுத்த சிலைதான் அவளுக்கு அடையாளம்.

நான் வந்த முதல் வருடம், ஊருக்குப் போக முடியாமல் இருந்த நாட்களில், வேலை முடிந்து வரும் வழியில் அந்தச் சிலைக்குப் பக்கத்து வாங்கில் போய் இருப்பேன். இப்போதும் அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நிற்காமல் வருவதில்லை.

ஆற்றோரமாகக் கிழக்கே நடந்தால் மில்டன் சாண்ட்ரி. 14ஆம் நூற்றாண்டுச் சிறு ஆலயம், ஊரின் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. பக்கத்திலேயே நியூ டவேர்ன் கோட்டையும் பீரங்கிகளும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அப்படியே அக்கரையைப் பாருங்கள். அது டில்பரி. கோட்டை 1667இல் டச்சுக்காரர் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து கப்பல்களை எரித்துவிட்டுப் போன பயத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. அதற்கு மேற்கே தெரிவதுதான் கப்பல் இறங்குதுறை. 1948 ஜூன் 22 விண்ட்ரஷ் கப்பலில் கரிபியன் மக்கள் வந்து இறங்கிய இடம். கொழும்பில் கப்பல் ஏறிப் படிக்கவும் வேலைக்கும் வந்த எங்கள் ஆட்கள் பலர் 1950களிலும் 60களிலும் கால் வைத்த முதல் இங்கிலாந்து மண்ணும் அதுதான். ‘ஒரொன்சே’, ‘ஹிமாலயா’ என்ற கப்பல் பெயர்களை மூத்தவர்கள் சொல்ல அப்பா கேட்டிருப்பார். கேட்டுப் பாருங்கள்.

முந்தி இங்கேயிருந்து படகில் சில நிமிடத்தில் அக்கரை போய்விடலாம். 2024 மார்ச் கடைசியோடு அந்தச் சேவையை நிறுத்தியது எனக்கு இன்னும் ஆறாத கவலை. இப்போது காரில் டார்ட்ஃபோர்ட் சுரங்கத்தால் போய், பாலத்தால் திரும்ப வேண்டும். ஆற்றைக் கடக்கும் கட்டணத்தை அங்கே வாங்க ஆள் இருக்கமாட்டார். மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் கட்டிவிடுங்கள், மறந்தால் தண்டம் வரும்.

சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். குருநானக் தர்பார் குருத்துவாராவுக்குப் போங்கள், 2010இல் திறந்த சீக்கியரின் வெள்ளைப் பளிங்குக் கோயில். தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போனால் யாருக்கும் சைவச் சாப்பாடு உண்டு. அம்மாவுக்கு அந்த இடம் நிச்சயம் பிடிக்கும்.

வீட்டை எடுங்கள். வேக ரயிலில் லண்டன் சென் பங்க்ரஸ் நிலையத்துக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை. ஜூன்தானே என்று நினைத்து அம்மாவைக் கோட் இல்லாமல் ஆற்றங்கரைக்குக் கூட்டிவராதீர்கள், பின்னேரக் காற்று எலும்புக்குள் இறங்கும். அப்பா எப்படியும் கடைசிக் கப்பல் போகும்வரை அசையமாட்டார்.