சீடை விற்க வயது கேட்கலாமா?

கேள்வி: தேவகோட்டையில் வீட்டிலேயே மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் செய்து, வலைத்தளம் வழியாக ஆர்டர் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறேன். தளத்தை வடிவமைத்த தம்பி, பதிவுப் படிவத்தில் பிறந்த தேதியைக் கட்டாயமாக்கிவிட்டார். ஏனென்று கேட்டால் "சட்டம்" என்கிறார். பல வருடமாக வாங்கும் ஓர் ஆச்சி, "சீடை வாங்க என் வயசு எதுக்கு?" என்று கோபித்துக்கொண்டு பாதியிலேயே விட்டுவிட்டார். பிறந்தநாள் தள்ளுபடி தர எனக்கும் ஆசைதான். என்ன செய்வது?
— வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி கேட்டது நியாயமான கேள்வி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் 6-வது பிரிவும் ஏறக்குறைய அதையேதான் கேட்கிறது. சொன்ன காரியத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே வாடிக்கையாளரின் சம்மதம் செல்லும். மருத்துவ ஆலோசனை தரும் செயலி, போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்டால் அந்தச் சம்மதம் செல்லாது என்று சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. சீடை போய்ச் சேரப் பெயர், முகவரி, போன் நம்பர் போதும்.

தம்பி பயப்படுவதிலும் அர்த்தம் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவரின் விவரத்தை வாங்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அதுவும் சரிபார்க்கக்கூடிய விதத்தில் என்கிறது 9-வது பிரிவு. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. (பதற வேண்டாம், அது உச்சவரம்பு. மீறல் எவ்வளவு பெரியது என்று பார்த்துத்தான் தொகையை முடிவு செய்வார்கள்.) ஆனால் வருகிற எல்லோரிடமும் பிறந்த தேதி வாங்கு என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. சில தளங்களில் "13 வயது நிரம்பியவரா?" என்று இருக்கும். அது அமெரிக்கச் சட்டத்தின் கணக்கு, அதைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டாம்.

பிறந்த தேதியை எடுத்துவிட்டு, "எனக்கு 18 வயது நிரம்பிவிட்டது" என்று ஒரு கட்டம் வையுங்கள். அதில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள். டிக் மட்டும் எதையும் நிரூபிக்காது என்பதும் உண்மை. பள்ளி விடுதியிலிருந்து ஒரு பிள்ளை போன் செய்து இரண்டு கிலோ தேன்குழல் கேட்டால், வீட்டுப் பெரியவரைப் பேசச் சொல்லி அவர் பெயரில் ஆர்டரைப் போடுங்கள். உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் காலத்தில் லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றம்) 1903-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பார்சலை வாங்க மாட்டேன் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டால் ஒப்பந்தத்தைக் காட்டிப் பணம் கேட்க முடியாது.

பிறந்தநாள் தள்ளுபடிக்கு நாளும் மாதமும் போதும், வருடம் வேண்டாம். அதையும் விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று விட்டுவிடுங்கள்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. உங்களைப் போன்றவர்களுக்கான கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன. எந்த விவரத்தை எதற்கு வாங்குகிறீர்கள் என்ற அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும். அதை இப்போதே எழுதி வைத்துவிடலாம்.

அப்புறம், இதுவரை சேர்ந்த பிறந்த தேதிகளை அழித்துவிடுங்கள். தளத்தில் அழித்தால் மட்டும் போதாது. தம்பியின் லேப்டாப்பில் ஓர் எக்செல் கோப்பு இருக்கும், வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியும் இருப்பார். எல்லாவற்றையும் அழித்துவிட்டதாக அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.