ஆலைக்காரர்களின் கால்பந்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

2020 லாக்டவுனில் ஊர் உலகமெல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிட, ஐரோப்பாவில் பெலாரஸ் கால்பந்து லீக் மட்டும் நடந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் பார்க்க ஆரம்பித்தேன். பாட்டே போரிசவ் என்ற அணிதான் அங்கே ராஜா என்றார்கள். சீசனின் முதல் ஆட்டத்திலேயே எனெர்கெத்திக் அணியிடம் 3-1 என்று தோற்றது! பாட்டே மாதிரி ஒரு சின்ன ஊர் அணி தொடர்ந்து 13 முறை சாம்பியன் ஆனது எப்படி? அரசாங்கப் பணமா? பார்த்தே ஆகவேண்டிய ஆட்டம் ஒன்றும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் போய்ச் சேர்ந்தது பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில்.

போரிசவ், தலைநகர் மின்ஸ்க்கிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 1812இல் நெப்போலியனின் படை பெரெசினா ஆற்றைக் கடக்கும்போது சீரழிந்தது இதன் பக்கத்தில்தான். கார், டிராக்டர்களுக்கு ஸ்டார்ட்டர் மாதிரியான மின் சாமான்கள் செய்யும் ஆலை ஒன்று அங்கே உண்டு. பாட்டே என்பது அந்த ஆலையின் பெயர்ச் சுருக்கம். 1973இல் தொடங்கிய ஆலை அணி, சோவியத் பெலாரஸின் உள்ளூர் லீகை மூன்று முறை வென்றுவிட்டு 1984இல் கலைந்துபோனது.

1996இல் அனதோலி காப்ஸ்கி முன்னின்று அதை மறுபடி தொடங்கினார். மூன்றாம் பிரிவில் ஆரம்பித்து ஆண்டுக்கொரு படி ஏறி, 1998இல் முதல் பிரிவு. வந்த வருடமே இரண்டாம் இடம், அடுத்த வருடம் சாம்பியன்.

அரசாங்கப் பணமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த நாட்டில் அரசு நிறுவனங்களின் தயவில்லாத அணிகள் குறைவு. சோலிகோர்ஸ்க் என்ற இன்னொரு அணிக்குப் பின்னால் அரசின் பொட்டாஷ் சுரங்கமே நிற்கிறது. அதனால் பணம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. காப்ஸ்கிக்குப் பொறுமை இருந்தது. இளைஞர்களை வளர்த்து நல்ல நேரத்தில் விற்றார்: ஹ்லெப் 2000இல் ஸ்டுட்கார்ட்டுக்கு, குத்துசவ் 2001இல் மிலானுக்கு. அணியின் பழைய வீரர் கொஞ்சரென்கோவை 30 வயதில் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார். 2008இல் அந்த ஆள் பெலாரஸ் அணி ஒன்றை முதன்முதலாக, ஐரோப்பாவின் பெரிய கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் குரூப் சுற்றுக்குக் கொண்டுபோனார். போரிசவ் மைதானம் சிறியது என்பதால் மின்ஸ்க்கில் ஆடி, இத்தாலியின் யுவென்டஸோடு 2-2 டிரா.

என் கணக்கில் உண்மையான காரணம் இனிமேல்தான். ஐரோப்பியப் போட்டியில் கிடைக்கும் பணம் நமக்குப் பெரிதாகத் தெரியாது. பெலாரஸ் லீகில் அது கொட்டும் மழை. அதை வைத்து மற்ற அணிகளின் நல்ல வீரர்களை வாங்கலாம். வாங்கினால் மறுபடி சாம்பியன். சாம்பியன் ஆனால் மறுபடி ஐரோப்பா. 2006 முதல் 2018 வரை இப்படியே ஓடியது. போரிசவ்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் யார் ஜெயிப்பார்கள் என்று முன்பே தெரிந்த லீகை மற்ற ஊர்க்காரர்கள் எதற்குப் பார்க்க வேண்டும்? சின்ன அணி பெரியவர்களை வீழ்த்திய கதையாக மட்டும் இதைச் சொல்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

2018 செப்டம்பரில் காப்ஸ்கி காலமானார். அந்த சீசன் லீக் பட்டம் வந்துவிட்டது. 2019 பிப்ரவரியில் சொந்த மண்ணில் இங்கிலாந்தின் ஆர்சனலை 1-0 என்று வென்றார்கள், திராகுன் தலையால் முட்டிய கோல். லண்டனில் 3-0 வாங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த ஆண்டு பட்டம் பிரெஸ்த் அணிக்கு, அடுத்த ஆண்டு சோலிகோர்ஸ்க்குக்கு. ஒரே ஆளின் தலையில் இருந்த கணக்கு அது, வேறு யாராலும் அப்படியே தொடர முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, ஆட்டம். எல்லோரும் 2012 அக்டோபரில் பேயர்ன் மியூனிக்கை 3-1 என்று வென்றதைச் சொல்வார்கள். அந்த பேயர்ன்தான் அதே சீசனில் சாம்பியன்ஸ் லீகை வென்றது என்பதால் அதற்கு மவுசு அதிகம். என் ஓட்டு 2015 செப்டம்பரில் இத்தாலியின் ரோமாவோடு நடந்ததற்கு. அது போரிசவின் புது அரங்கிலேயே நடந்தது. அரை மணி நேரத்துக்குள் 3-0. அதில் இரண்டு கோல் செர்பியாவைச் சேர்ந்த இடது தடுப்பாட்டக்காரர் மிலாதெனோவிச்சுடையது. ஒன்று இடது ஓரத்தில் வெகுதூரத்திலிருந்து அடித்து, கீப்பரை ஏமாற்றி உள்ளே போனது. அப்புறம் ரோமா இரண்டு கோல் திருப்பி அடித்தது. அதில் இரண்டாவது கோல் விழுந்த 82வது நிமிடத்துக்குப் பிறகு, 3-2 முன்னிலையைக் காப்பாற்ற ஆலைக்காரர்கள் பந்தைக் கண்ட பக்கமெல்லாம் உதைத்துத் தள்ளுவார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.