என்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0420 வருகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

பொறுங்கள். திருமங்கலத்தில் ஸ்கேனரைச் சொருகிய கையோடு கன்வெர்ட்டருக்கு விலை சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பி0420 என்பது தீர்ப்பு அல்ல; புகையின் நச்சைக் குறைக்கும் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லையோ என்ற சந்தேகம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்துக் கம்ப்யூட்டர் அப்படி நினைக்கிறது. சைலன்சர் குழாயில் கசிவு இருந்தால் வெளிக்காற்று புகுந்து அந்தச் சென்சாரை ஏமாற்றிவிடும்.

மதுரையில் பெட்ரோல் கார்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. நான் முதலில் தேடுவது கசிவைத்தான். காலையில் என்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து, என்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டு பக்கம் காதுகொடுத்துக் கேளுங்கள். கசிவு இருந்தால் 'டிக் டிக்' என்று வரும். சூடேறியதும் இரும்பு விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும், சத்தமும் நின்றுவிடும். மத்தியானம் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் ஒன்றும் கேட்காது. கேஸ்கட் ஓரத்தில் கரி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதை ஷெட்டுக்குள் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தோளில் துண்டு தொங்கக் குனியவும் வேண்டாம், பெல்ட் இழுத்துவிடும்.

கசிவு இல்லையென்றால், வண்டியை நன்றாகச் சூடேற்றி, 2,500 ஆர்பிஎம்மில் பின் சென்சாரின் வோல்ட்டேஜைக் காட்டச் சொல்லுங்கள். 0.6, 0.7 என்று அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் பெரும்பாலும் நல்லது. 0.1க்கும் 0.9க்கும் ஓயாமல் தாவினால் சந்தேகம் வலுக்கிறது. இதைப் பார்க்கும் முன் பி0420 என்ற அந்தக் குறியீட்டை ஸ்கேனரால் அழிக்க விடாதீர்கள். விளக்கு எரிந்த நேரத்தில் என்ஜின் இருந்த நிலையும் அதோடு சேர்ந்து அழிந்துபோகும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. மிஸ்ஃபயர் ஆகி, அதாவது என்ஜினுக்குள் சரியாக எரியாமல் போய், அந்தப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். உசிலம்பட்டிப் பக்கம் சாலையில் கதிரைப் பரப்பியிருப்பார்களே, அந்தக் காய்ந்த வைக்கோல்மேல் மட்டும் நிறுத்தாதீர்கள், கன்வெர்ட்டர் சூட்டில் தீப்பிடிக்கும்.

கன்வெர்ட்டருக்கு உள்ளே தேன்கூடுபோல் இருக்கும் பகுதியை உடைத்தெடுத்துவிடலாம் என்று யோசனை சொல்லவும் ஆள் வருவார். விஷப்புகை அப்படியே வெளியே போகும், விளக்கும் அணையாது.

கன்வெர்ட்டர் போய்விட்டது என்றே உறுதியானாலும், எதனால் போனது என்று பார்க்காமல் புதியதை மாட்டாதீர்கள். ஆயில் குடிக்கும் என்ஜினாக இருந்தால் புதியதையும் அதுவே கெடுத்துவிடும். ஆயில் அளவு மாதத்துக்கு மாதம் இறங்குகிறதா?